சூசை சாய்ந்து ஆடிய மிசின்

1. என் கையால் எடுத்த அளவு

சூசை முதல்முறை தொட்டதுமே மிசின் செத்துப்போனது. விளக்குகள் எரிந்தன; மட்டை இரண்டும் அசையவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் 'டில்ட்' என்ற சிவப்பு எழுத்து பளிச்சிட்டது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"என்ன சார், என்னையக் கண்டதும் மூஞ்சியத் திருப்பிக்கிருச்சு?" என்று அவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஐம்பதுகளின் பின்பாதி அது. திருச்சியில் மின்சாரத் தொழிலில் டிப்ளமா முடித்திருந்த நான், புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வைரவன் முதலாளி நடத்திய விளையாட்டுக் கொட்டகையில் மெக்கானிக்காக இருந்தேன். முதலாளி பினாங்கிலிருந்து திரும்பியபோது கப்பலில் ஒரு பின்பால் மிசினைக் கொண்டுவந்திருந்தார். ஊரில் அதைக் குண்டு மிசின் என்பார்கள். சரிவான பலகையில் இரும்புக் குண்டு உருண்டு வரும். பெட்டியின் இரண்டு பக்கமும் உள்ள பட்டன்களை அழுத்தினால், கீழே இருக்கும் இரண்டு சின்ன மட்டைகள் அதை மறுபடி மேலே அடிக்கும். குண்டு மோதும் இடத்துக்கு ஏற்ப ஸ்கோர் ஏறும். நம் ஊர் கரண்டு அதற்கு ஒத்துவராது. டிரான்ஸ்பார்மர் வைத்துத்தான் ஓட்டினோம்.

சூசை ஆவூர்ப் பக்கத்துக்காரர். கல் குவாரியில் வேட்டு வெடித்து இடது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. இடது காலையும் ஊன்ற முடியாது. வலது அக்குளில் கட்டை வைத்து நடப்பார். ஆட வேண்டுமானால் அந்தக் கட்டையை ஓரமாகச் சாத்திவிட்டு, மிசினின் முன்விளிம்பில் உடம்பைச் சாய்த்துத்தான் நிற்க முடியும். அங்கேதான் சிக்கல். ஆடுபவர்கள் மிசினை ஆட்டி ஏமாற்றாமல் இருக்க, பெட்டிக்குள்ளே கொத்தனாரின் தூக்குக்குண்டு போல ஒன்று ஒரு உலோக வளையத்துக்குள் தொங்கும். பெட்டி அசைந்து தூக்கு வளையத்தைத் தொட்டால் ரிலே என்கிற மின்சுவிட்ச் இழுத்து, 'டில்ட்' என்று காட்டி, அந்தக் குண்டின் ஆட்டம் நின்றுவிடும். சூசை நிற்பதையே மிசின் ஏமாற்று வேலை என்று எடுத்துக்கொண்டது.

"தம்பி, இவரு ஆடுறதுக்கு ஒரு வழி பண்ண முடியுமா, முடியாதா?" என்றார் முதலாளி.

"முடியும்ணே" என்றேன். என் படிப்பைக் காட்ட வாய்ப்புக் கிடைத்த சந்தோஷம் எனக்கு.

முதலில் உயரமான ஸ்டூல் போட்டுப் பார்த்தேன். ஒற்றைக் காலால் அதில் நிலைகொள்ள அவரால் முடியவில்லை. பிறகு இடது பட்டனுக்குப் பதிலாக, முன்விளிம்பில் துணி சுற்றிய ஒரு மர நெம்புகோல் வைத்தேன். இடது கையில் மிஞ்சிய முழங்கையால் அதை அமுக்கினால், அடியில் இருக்கும் ஸ்விட்ச் இடது மட்டையை அடிக்கும். ஒயரிங்கில் குறையில்லை. ஆனால் சூசையின் கை அதற்கு எட்டவில்லை.

"சார், இது ஒங்க முழங்கைக்குச் செஞ்ச மிசினு. என் முழங்கை இங்கிட்டு இருக்கு பாருங்க."

உண்மைதான். என் கையை வைத்து அளந்திருந்தேன். அவரை நிற்கவைத்து, அவர் கை தானாக விழுகிற இடத்தில் அதை மாற்றினேன். தூக்குக்கும் வளையத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைத் திருகாணியால் கூட்டினேன். அவர் சாய்ந்தார். மிசின் தாங்கியது.

2. கரும்பலகையில் பெயர்

கொட்டகை வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. அதிக ஸ்கோர் எடுத்தவர் பெயர் அதில் இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து பெரும்பாலும் என் பெயர்தான் இருந்தது. சூசை சில வாரங்களில் அதை அழிக்க வைத்தார்.

இடைவெளியைக் கூட்டியது எல்லோருக்கும்தான். நானும் அதே மிசினில்தான் ஆடினேன். அவர் என்னைவிட நன்றாக ஆடினார், அவ்வளவுதான். குண்டு எங்கே வரும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்தது. நான் பார்த்து அடித்தேன். அவர் காத்திருந்து அடித்தார்.

இதைப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் ஜனங்கள் அதைச் 'சூசை மிசின்' என்று சொல்லத் தொடங்கினார்கள். இலுப்பூரிலிருந்தெல்லாம் பார்க்க வந்தார்கள். இளம்பிள்ளை வாதத்தில் கை சூம்பிய ஒரு தையல்காரர் வந்து, "சூசை மிசின்ல நானும் ஆடலாமாமே?" என்று என்னிடமே கேட்டார். அவருக்கும் நெம்புகோலைத் தள்ளி வைத்துக் கொடுத்தேன். வேலை என்னுடையது, பெயர் அவருடையது. முதலாளி டீ வரவழைத்தால் முதல் கிளாஸ் சூசைக்குப் போகும். அவர் சொல்லும் நகைச்சுவைக்கு முதலாளி தொடையைத் தட்டிச் சிரிப்பார். நான் மிசினுக்கு அடியில் மல்லாந்து படுத்து ஸ்குரூ முடுக்கியபடி அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். கை கால் முழுசாக இருக்கிற ஒருவன், இல்லாத ஒருவரைப் பார்த்து வெந்தேன். அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

அந்தச் சமயம் முதலாளி மிசினைப் பொருட்காட்சிகளுக்கு எடுத்துப்போக முடிவு செய்தார். கூடவே போய் ஆடிக்காட்டிக் கூட்டம் சேர்க்க ஒரு ஆள் வேண்டும். மாதச் சம்பளம், சாப்பாடும் உண்டு. சூசையைத்தான் அவர் மனதில் வைத்திருந்தார். திருச்சியிலிருந்து வரும் பங்குதாரர் ஞாயிற்றுக்கிழமை சூசையின் ஆட்டத்தைப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும்.

"என் பொஞ்சாதி முந்திரிக் காட்டுல கொட்டை பொறுக்குறா சார். நா வீட்டுல குந்திக்கிட்டுக் கெடக்கேன். இந்த வேல மட்டும் அமைஞ்சிச்சுன்னா அவள ஒக்கார வச்சுச் சோறு போட்டுருவேன்" என்றார் என்னிடம்.

"அமையும், அமையும்" என்றேன்.

3. ஞாயிற்றுக்கிழமை

மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் பெட்டியைத் திறந்து திருகாணியைச் சற்று முடுக்கினேன். தூக்குக்கும் வளையத்துக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டேன். பெட்டியைப் பழையபடி மூடினேன்.

சாயங்காலம் கொட்டகை நிறைய ஆட்கள். பங்குதாரர் நாற்காலியில் இருந்தார். சூசை கட்டையைச் சாத்திவிட்டுச் சாய்ந்தார். குண்டு மேலே போன வேகத்திலேயே டில்ட் விழுந்தது. அடுத்த குண்டுக்கும் அப்படியே. மூன்றாவதற்கு அவர் சாயாமல் ஒற்றைக் காலில் நிற்கப் பார்த்தார். தடுமாறி மிசின்மேலேயே விழுந்தார்.

"சூசையண்ணே, மிசின உருட்டுறீங்களா, குண்ட உருட்டுறீங்களா?" என்று யாரோ கத்த, கூட்டம் சிரித்தது.

"இந்த ஆள வச்சா கூட்டம் சேக்கப் போறீங்க?" என்று பங்குதாரர் முதலாளியைக் கேட்டார்.

சூசை கோபப்படவில்லை. நேராக என்னைப் பார்த்தார். "மிசினு இன்னைக்கு வேற மாதிரி இருக்கு சார். ஒருக்காத் தொறந்து பாருங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நிமிஷத்திலும் நான் திருத்திக்கொண்டிருக்கலாம். திருகாணியை ஒரு சுற்றுத் தளர்த்தி, "கொஞ்சம் எறங்கிருந்துச்சு" என்று சொல்லியிருந்தால் யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். நான் பெட்டியைத் திறந்தேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். ஸ்பிரிங்கைக்கூடத் தொட்டுப் பார்ப்பதுபோல் செய்தேன்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றேன்.

படித்தவன் சொன்னதால் அதற்குமேல் பேச்சில்லை. சூசை தன் முழங்கையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். கட்டையை எடுத்துக்கொண்டு போனார்.

பொருட்காட்சிக்கு மிசினோடு நான்தான் போனேன்.

4. ஜல்லிக் குவியல்

பல மாதம் ஊர் ஊராகத் திரிந்தேன். நான் ஆடும்போது கூட்டம் பெரிதாக நிற்கவில்லை. சீசன் முடிவில் நஷ்டம் என்று முதலாளி மிசினை விற்றுவிட்டார். அதன் பிறகு ஒருநாள் ஆவூருக்குப் போய் விசாரித்தேன். சூசை குவாரியில் இருப்பதாகச் சொன்னார்கள்.

ஓலைத் தட்டியின் நிழலில் உட்கார்ந்து, கல்லைக் கால் பாதத்தால் பிடித்துக்கொண்டு ஒரு கையால் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். திருகாணியை முடுக்கியது, பார்த்துவிட்டுப் பொய் சொன்னது, ஏன் என்பது.

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"அப்ப எனக்கு ஆட்டம் தப்பலையா?"

"இல்லை."

"என் ஒடம்புதான் விட்டுப்போச்சுன்னு நெனச்சேன். இனிமே எதுக்கும் ஆக மாட்டேன்னு என் பொஞ்சாதிகிட்டச் சொல்லிட்டேன். ஆசாரி ஒருத்தரு பட்டறையில கூப்பிட்டாரு, அதுக்கும் போகல." உடைத்த ஜல்லியை ஒதுக்கித் தள்ளினார். "இத அன்னைக்கு அங்க வச்சுச் சொல்லியிருக்கணும் சார். இங்கிட்டு யாரு இருக்கா கேக்க?"

சுற்றிலும் பாறைதான் இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவர் அடுத்த கல்லைக் காலுக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

மெக்கானிக் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். ஒருவருடைய உடம்புக்கு ஏற்றபடி ஒரு மிசினை மாற்றிக் கொடுத்தால், அதன்பின் அந்த மிசினைப் பற்றி அவர் சொல்வதை முதலில் நம்புங்கள். "இன்றைக்கு வேறு மாதிரி இருக்கிறது" என்று அவர் சொன்னால் வேறு மாதிரிதான் இருக்கும். "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை, அவர் தன் உடம்பையே சந்தேகப்பட வைத்துவிடும்.

அன்று அந்தக் கொட்டகையில் நின்று சிரித்தவர்களில் யாராவது இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காகவும் எழுதுகிறேன்: சூசைக்கு ஆட்டம் தப்பவில்லை. நான்தான் முடுக்கினேன்.