ஒரு வரிக்கு முன்னால் போட்ட குறி

திண்டிவனத்தில் ஒரு கண் மருத்துவமனையின் டோக்கன் போர்டை ஓட்டும் லினக்ஸ் கம்ப்யூட்டர் அப்போது என் பொறுப்பில் இருந்தது. கரண்ட் போய் வந்தால் கம்ப்யூட்டர் எழுந்துவிடும். போர்டு மட்டும் இருட்டாகக் கிடக்கும். பெயர்ப்பட்டியலை வைத்திருக்கும் டேட்டாபேஸ் எழாது. அது இல்லாமல் போர்டு புரோகிராம் கிளம்பி விழுந்துவிடும்.

"இன்னா தம்பி, கரண்டு வந்து அரை மணி ஆவுது. எல்லாரும் என்னையே பாத்துக்கினு இருக்காங்க," என்பார் ரிசப்ஷன் அக்கா.

விழுப்புரத்திலிருந்த கல்லூரித் தோழியைக் கூப்பிட்டேன். சனிக்கிழமை பஸ் ஏறி வந்தாள். போர்டு எப்போது கிளம்ப வேண்டும் என்று சொல்லும் சர்வீஸ் ஃபைலில், டேட்டாபேஸுக்கு 'ஆஃப்டர்' என்று நான் எழுதியிருந்ததைப் பார்த்தாள். "சரியாத்தானேடா இருக்கு? டேட்டாபேஸ் லேட்டா எழுந்திருக்குது போல. போர்டு புரோகிராம முப்பது செகண்ட் தூங்க வுடு."

தூங்க விட்டோம். பலனில்லை. அடுத்த சனிக்கிழமை அறுபது. அதுவும் இல்லை. டேட்டாபேஸைக் கையால் எழுப்பிவிட்டு டீ குடிக்கப் போவோம். அந்த டீக்காகவே எனக்கு வாரம் ஓடியது.

ஒரு புதன்கிழமை கையேட்டைப் புரட்டியபோது பிடிபட்டது. 'ஆஃப்டர்' வரிசையை மட்டும்தான் சொல்லும்: அது வந்தால், அதற்கு அப்புறம் நீ. வரச் சொல்லிக் கூப்பிடாது. கூப்பிட 'ரெக்வயர்ஸ்' என்று தனி வரி வேண்டும். எழுதினேன். ரீஸ்டார்ட் செய்தேன். இரண்டும் வரிசையாக எழுந்தன. குதிக்காத குறைதான்!

அப்புறம் அந்த வரிக்கு முன்னால் ஒரு # போட்டேன். அந்தக் குறி இருந்தால் கம்ப்யூட்டர் வரியைப் படிக்காது. கண்ணில் சொட்டு மருந்தோடு உட்கார்ந்திருப்பவர்களை நினைத்தேன், நினைத்தும் போட்டேன்.

சனிக்கிழமை அவள் ஃபைலைத் திறந்தாள். திரையில் # போட்ட வரிமேல் விரலை வைத்தாள்.

"இந்த வரி எப்ப போட்ட?"

"புதன்கிழமை."

"லூசு," என்றாள். #-ஐ அழித்துவிட்டு ரீஸ்டார்ட் கொடுத்தாள். போர்டு எரிந்தது. "ஐயோ, வந்துடுச்சு!" என்று அக்கா கை தட்டினார்.

பஸ் ஸ்டாண்ட் வரை கூடவே நடந்தேன். "சும்மாவாவது வாயேன்," என்றேன்.

"வீட்ல சர்வர் ரிப்பேருன்னு சொல்லிட்டு வந்தேன். சும்மான்னா இன்னா சொல்லிட்டு வர்றது?" கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள். நான் பஸ் வரும் பக்கம் திரும்பிக்கொண்டேன். விழுப்புரம் பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமையும் கரண்ட் போனது. திரும்பி வந்ததும் டேட்டாபேஸ் எழுந்தது, போர்டு எழுந்தது, அக்கா முதல் டோக்கனைக் கூப்பிட்டார். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், விழுப்புரத்திலிருந்து வந்த இரண்டு பஸ்களில் இறங்கியவர்களைக் கடைசி ஆள் வரை பார்த்துவிட்டுத் திரும்பினேன்.