சர்க்கரைக்காரன் காலில் தேன்

முதலில் நனைந்தது என் வலது காலுறைதான். ஓசூரில் நான் வேலை பார்க்கும் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து ஷூவைக் கழற்றினேன். உள்ளே ஈரம். மழை பெய்து பல வாரம் ஆகியிருந்தது. இருந்தாலும் ஷூதான் ஒழுகுகிறது என்று முடிவு கட்டி, ஸ்டோரில் போய் வேறு ஷூ கேட்டுச் சண்டை போட்டேன். ஸ்டோர்க்காரர் அதைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அண்ணா, இது தண்ணி இல்ல. ரத்தம்."

பெருவிரலுக்குக் கீழே ஒரு சின்ன ஸ்குரூ குத்தி நின்றது. எப்போதோ ஷூவுக்குள் விழுந்ததன் மேல் ஷிப்ட் முழுக்க நடந்திருக்கிறேன். இத்தனைக்கும் நான் தரப் பரிசோதனைப் பிரிவு. அடுத்தவர் செய்த பொருளில் மயிரிழைக் கீறலைக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு.

பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போய்வந்தேன். வலிக்காத புண்ணை யார் மதிப்பார்கள்? வாடை அடிக்க ஆரம்பித்த பிறகு என் மனைவி பாக்கியம்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

டாக்டர் என் மகள் வயதுப் பெண். தருமபுரிப் பக்கம்.

"வலியே இல்ல மேடம், அது நல்லதுதானே?" என்றேன் பெருமையாக.

"வலிச்சிருந்தா முதல் அடியிலயே நின்னிருப்பீங்க சார். உங்களுக்கு நியூரோபதி (நாள்பட்ட சர்க்கரையால் நரம்புகள் உணர்விழப்பது). கால் உங்களுக்குத் தகவல் சொல்றத நிறுத்திடுச்சு."

அன்றே டெப்ரிட்மென்ட் (செத்த சதையை வெட்டி அகற்றுவது) செய்தார். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தது. ஆனால் புண் ஆறாமல் உள்ளே போனால் விரலை எடுக்க வேண்டி வரும் என்றார். வேறு வழியே இல்லையா என்று பாக்கியம் கேட்டாள். அப்போதுதான் அவர் சொன்னார்:

"தேன் வெச்சுக் கட்டலாம்."

"எனக்குச் சர்க்கரை மேடம்."

"தெரியும் சார். காலுக்குத்தான் தேன். வாய்க்கு இல்ல."

பல வருடமாக நான் காபியில் சர்க்கரை கண்டதில்லை. கல்யாண வீடுகளில் என் இலையில் விழும் ஜாங்கிரியைப் பாக்கியம் பருந்து மாதிரி எடுத்துவிடுவாள். இப்போது என் கண் முன்னாலேயே என் காலுக்கு விருந்து.

இதே நிலையில் இருப்பவர்களுக்காக டாக்டர் சொன்னதை எழுதிவிடுகிறேன். இது கடைத் தேன் அல்ல. கதிர்வீச்சால் கிருமி நீக்கி, புண்ணுக்கென்றே ட்யூபில் அடைத்தது. புண்ணிலிருந்து நீரை வெளியே இழுக்கும், செத்த சதையை இளக்கும், கிருமி பெருகாமல் தடுக்கும். ஆனால் எல்லாப் புண்ணுக்கும் ஆகாது. அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கவும் கூடாது.

எறும்பைப் பற்றி மட்டும் அவர் எதுவும் சொல்லவில்லை.

நீரை இழுக்கும் என்றாரே, இழுத்தது. கட்டு நனைந்து ஓரத்தில் கசிந்தது. ஒரு மதியம் நான் காலை நீட்டிப் படுத்துச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். துணி மடிக்க வந்த பாக்கியம் கத்தினாள். சன்னலில் தொடங்கி, சுவரில் இறங்கி, கட்டில் காலில் ஏறி என் பாதம் வரை ஒரே ஊர்வலம். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அதன் பிறகு கட்டிலின் நான்கு கால்களும் தண்ணீர்க் கிண்ணத்தில் நின்றன. வாடகை வாங்க வந்த வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்து, "ஏனம்மா இது?" (என்னம்மா இது?) என்று கன்னடத்தில் கேட்டார்.

"பலகாரம் மாதிரி காப்பாத்த வேண்டியிருக்குதுங்க" என்றாள் பாக்கியம்.

விஷயம் கெலமங்கலத்துக்குப் போயிற்று. அவள் தம்பி முனிராஜ் அங்கே தக்காளி விவசாயம் செய்கிறான். தண்ணீர் பாட்டில் நிறைய மலைத்தேனோடு வந்து இறங்கினான்.

"இன்னா மாமா, ட்யூபுல வர்றதெல்லாம் ஒரு தேனா? இது காட்டுல எடுத்தது. ஊத்திக் கட்டிக்கினு பாருங்க."

பாக்கியம் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளே ஒரு தேனீ மிதந்தது.

"இதையும் சேத்தாடா கட்டணும்?"

"அது சுத்தத்துக்கு சாட்சி அக்கா."

டாக்டருக்குப் போன் செய்தோம். காட்டுத் தேனில் புண்ணுக்கு ஆகாத கிருமிகள் இருக்கலாம், தொடவே கூடாது என்றார். முனிராஜ் முகம் வாடிப் போனான். பாட்டில் சமையலறை மேல் அலமாரிக்கு ஏறியது.

அடுத்த தடவை ஆஸ்பத்திரியில் ரத்தச் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. நர்ஸ் என்னைப் பார்த்தார். பாக்கியமும் பார்த்தாள்.

"மேல் அலமாரியில கைய வெச்சீங்களா?"

"சத்தியமா இல்ல."

"தெனம் ஏறி ஏறி நக்கியிருக்கீங்க."

"இந்தக் காலோட ஸ்டூல்ல ஏறுவனா பாக்கியம்?"

"தேனுக்காக ஏறுவீங்க."

டாக்டர் கட்டைப் பிரித்தார். பாதம் சிவந்து, தொட்டால் சுட்டது. அவர் முகம் மாறியது.

"சார் மேல தப்பில்லம்மா. புண்ணுல கிருமி உள்ள போயிருக்கு. அதுதான் சர்க்கரைய ஏத்தியிருக்கு. இன்னைக்கே அட்மிட் பண்ணணும். விரல் தங்குமான்னு இப்ப சொல்ல முடியாது."

நான் நிரபராதி என்று நிரூபணமாகிவிட்டது. வெற்றியோடு பாக்கியம் பக்கம் திரும்பினேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"நீங்க திருடியே தின்னிருக்கக் கூடாதா?" என்றாள். "எவ்ளோ நல்லா இருந்திருக்கும்."

அன்றுதான் எனக்குப் பயம் வந்தது. அதுவரை அது என் காலில் இருந்தாலும், வேறு யாருடைய புண்ணோ போலத்தான் இருந்தது.

மறுபடி செத்த சதையை வெட்டினார்கள். ரத்த நாளம் வழியாக ஆன்டிபயாட்டிக் (கிருமிக்கொல்லி மருந்து) ஏறியது. வீக்கம் வடிந்த பிறகுதான் திரும்பவும் தேன் கட்டு. முனிராஜ் வந்து கட்டிலருகே கைகட்டி நின்றான். நான் தேறும்வரை தானும் இனிப்பைத் தொடுவதில்லை என்றான். காபிக்கு மட்டும் விலக்கு கேட்டான்.

விரல் தங்கியது. நகம் போயிற்று. புண்ணின் விளிம்பிலிருந்து தோல் வளர்வதைப் பாக்கியம் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். எனக்குத் தெரியாத என் காலைப் பற்றி அவள்தான் எனக்குச் செய்தி வாசித்தாள். தொழிற்சாலையில் வேகமாக ஓடும் லைனில் பழகியவன் நான். தோலுக்கு அந்த அவசரம் எதுவும் கிடையாது.

இப்போது தினமும் காலையில் கண்ணாடி வைத்துப் பாதத்தைப் பார்க்கிறேன். கண்தான் இனி அதற்கு நரம்பு. புதுத் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெல்லியதாய், இளஞ்சிவப்பாய் இருக்கிறது.

கட்டு முழுவதும் எடுத்த அன்று பாக்கியம் என் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டாள். நான் சுவரைப் பார்த்தபடி காத்திருந்தேன். வெளியே கம்பெனி பஸ் ஒன்று ஆளை ஏற்றிக்கொண்டு போயிற்று.

"தொட்டுப் பாரு பாக்கியம்," என்றேன்.

"ரொம்ப நேரமா தொட்டுக்கிட்டுதாங்க இருக்கேன்," என்றாள்.