பர்மனென்ட் ஏசி

அந்தக் கோடையில் எங்கள் படுக்கையறை ஏசி மூன்றாவது முறையாகப் படுத்துக்கொண்டபோது, எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைப் பிடுங்கித் தெருவில் வீசியிருப்பேன். என்ன செய்ய, வாடகை வீட்டு ஏசி! கணவருக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் பர்மனென்ட் வேலை, அந்த வாரம் நைட் ஷிப்ட். பகலெல்லாம் வேர்வையில் புரண்டுவிட்டு, ராத்திரி அவ்வளவு பெரிய மெஷினில் ஏறி உட்காருகிற மனுஷன் கண்ணயர்ந்தால்? குவார்ட்டர்ஸ் இன்னும் கிடைக்காததால்தான் முத்தாண்டிக்குப்பம் சாலையில் இந்த மாடி வீடு.

பண்ருட்டியிலிருந்து வந்த மெக்கானிக் திறந்து பார்த்து, "பூரா கரித்தூளுதாங்க்கா. அடைச்சிக்கினு கீது. கேஸும் லீக்கு" என்றார். முதல் இரண்டு முறையும் செலவு எங்கள் தலையில். இதுவும் நாங்களேவா? ஏசி வீடு என்று சொல்லித்தானே வாடகையை ஏற்றினார்கள்? புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கீழே இறங்கினேன்.

வீட்டுக்காரர் வாசலில் முந்திரிக்கொட்டையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பல்பு போனா நாங்க மாத்திக்கிறோம். அது கான்ட்ராக்ட் மாதிரி, இன்னைக்கு இருக்கும், நாளைக்குப் போயிரும். ஏசி அப்படியா? சுவத்துல அடிச்சு மாட்டுனது. அது பர்மனென்ட். பர்மனென்ட்டுக்கு ஒண்ணுன்னா ஓனர்தான் பாக்கணும், வைத்தியச் செலவு உட்பட!"

கடைசி வார்த்தை வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. அவர் அதே சுரங்கத்தில் இருபது வருஷம் கான்ட்ராக்ட் ஆளாக இருந்து ஓய்ந்தவர். எனக்கு நன்றாகவே தெரியும். பாழாய்ப்போன வாய்!

அவர் முந்திரிக்கொட்டையைக் கையால் பரப்பிக்கொண்டே இருந்தார்.

"நானும் இருவது வருசம் அங்க மாட்டிக்கினுதாம்மா இருந்தேன். இடுப்பு போனப்ப எங் கைக்காசுதான்" என்றார். பிறகு லேசாகச் சிரித்தார். "வுடுங்க. இந்த வூட்ல அதுனாச்சும் பர்மனென்ட்டா இருக்கட்டும். ரிப்பேர நானே பாத்துக்கிறேன். சார் தூங்கணும் இல்ல?"

"பாதி நாங்க தர்றோம்ண்ணே" என்றேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார்.

மேலே வந்தேன். ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு தரையில் படுத்திருந்த கணவர், "என்ன சொன்னாரு?" என்று கேட்டார்.

"அவரே பாத்துக்கிறாராம்" என்றேன். நான் பேசியதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.