ஒடுகத்தூர் மலையடியில் ஒரு மண்ணரிப்புப் படம்

புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் சுற்றுச்சூழல் படங்கள் காட்டும் இளைஞர்கள் சிலர் இந்த வலைப்பதிவை வாசிக்கிறார்கள். வேலூர், ஆம்பூர் பக்கம் போகிறோம், ஏதாவது யோசனை சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். என்னிடம் இருப்பது ஒரே ஒரு பயணம். அதுவும் அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு தை மாதத்தில் போய் வந்தது. என்றாலும் உங்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

அப்போது நான் சென்னையில் குமாஸ்தா. ஒரு வாரம் லீவு கிடைத்தது. என் அத்தை மகன் தனபால் அரசாங்க வேனில் ஊர் ஊராகப் போய்ப் படம் ஓட்டுகிறவன். "வா மச்சான், மலை, ஏரி எல்லாம் சும்மாவே சுத்திப் பாக்கலாம்" என்று கூப்பிட்டான். அவன் ஓட்டும் படங்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. தியேட்டரில் செய்திப்படம் போட்டாலே முறுக்கு வாங்க எழுந்து போகிற ஆள் நான்.

வேலூரிலிருந்து மத்தியானம் மூன்று மணிக்குப் புறப்பட்டோம். பாகாயம், அணைக்கட்டு வழியாக ஒடுகத்தூர் இருபது மைல் சொச்சம். பஸ்ஸில் போனால் அன்றைக்கு முக்கால் ரூபாய். எனக்கு வேனில் ஓசி. அணைக்கட்டு தாண்டியதும் மலை பக்கத்தில் வந்துவிடுகிறது. கடலைக்காடுகள், நடுநடுவே நெல், சரிவெல்லாம் மஞ்சளாக ஆவாரம்பூ. அழகாக இருக்கிறதே என்றேன். "அந்தச் செடியோட பட்டைதான் ஆம்பூர் தோல் ஷாப்புங்களுக்குப் போவுது. அத வெச்சித்தான் தோலப் பதம் பண்றாங்க" என்றான் தனபால்.

ஒடுகத்தூரிலிருந்து இரண்டு மைல் உள்ளே, மலையடியில் இருந்த கிராமத்தில் இறங்கினோம். இரண்டு புளியமரங்களுக்கு நடுவே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டியாயிற்று. ஏழு மணிக்குள் ஊரே பாயோடு வந்துவிட்டது. முன்னால் இடம் பிடிக்க முடியாதவர்கள் கொஞ்சமும் கவலைப்படாமல் திரைக்குப் பின்பக்கம் போய் உட்கார்ந்தார்கள். அங்கேயும் படம் தெரியும், இடம் வலம் மாறித் தெரியும், அவ்வளவுதான்.

படம் மண்ணரிப்பைப் பற்றியது. ஒரு மலைச்சரிவில் ஒரு பெண் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செடிகளை வெட்டுகிறாள். கட்டாகக் கட்டித் தலையில் ஏற்றிக்கொண்டு இறங்குகிறாள். அப்புறம் மழை. மொட்டைச் சரிவிலிருந்து செம்மண் கரைந்து ஓடி ஏரியை மேடாக்குகிறது, கடைசியில் வயல் வெடித்துக் கிடக்கிறது. எடுத்தவன் கெட்டிக்காரன். நான் முறுக்கை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாதியிலேயே கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. "அது நம்ம முனியம்மாடா." உடனே எல்லாத் தலைகளும் ஒரு பக்கம் திரும்பின. முனியம்மா என்பவர் ஆவாரம்பட்டை உரித்து ஆம்பூருக்கு விற்கிற பெண்களுக்குத் தலைவி மாதிரி. நாற்பது வயதிருக்கும். போன மாதம் ரோடு போட அளவெடுக்க வந்தவர்கள் மூன்று கால் வைத்த ஒரு கருவியை மலையடியில் நிறுத்தியிருந்தார்களாம். அதுதான் படம் பிடிக்கிற பெட்டி என்று ஊரே முடிவு கட்டிவிட்டது.

படம் முடிந்ததும் பஞ்சாயத்துத் தலைவர் திரைக்கு முன்னால் வந்து நின்றார். அந்த வருஷம் அவர்கள் ஏரியும் மேடிட்டுத்தான் போயிருந்தது, கடைமடையில் நெல் கருகியிருந்தது. "எல்லாரும் பாத்தீங்க இல்ல? நாளையிலேர்ந்து பட்டைக்குன்னு யாரும் மலை ஏறக்கூடாது" என்றார். பின்னால் நின்ற பட்டை உரிக்கும் பெண்கள் முனியம்மாவைப் பார்த்தார்கள். ஏழெட்டு வீட்டு அடுப்பு அந்தப் பட்டையில்தான் எரிகிறது என்று பக்கத்தில் இருந்தவர் என் காதில் சொன்னார்.

முனியம்மா எழுந்தார். அது நானில்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "நானாத்தான் இருக்கும். என் முதுக நான் எங்க பாத்தேன்? வெட்றது நான் வெட்ற மாதிரிதான் இருக்குது" என்றார்.

தனபால் வழக்கமாகப் படம் முடிந்த கையோடு ஜெனரேட்டரை நிறுத்திவிடுவான். எண்ணெய்க்கு ஆபீசில் கணக்குக் கேட்பார்கள். அன்றைக்கு அவன் கை போகவில்லை. மைக்கை எடுத்து, "இது உங்க மலை இல்லீங்க. எங்கியோ வடக்க எடுத்த படம். அந்த அம்மா வேற யாரோ" என்றான்.

கூட்டத்துக்கு ஏமாற்றம்தான். முனியம்மா மட்டும் நகரவில்லை.

"யாரு அவ?"

"தெரியாதும்மா."

"வெட்டக்கூடாதுன்னு சொன்னப்புறம் அவ இன்னா சாப்ட்டா?"

தனபால் என்னைப் பார்த்தான், நான் திரையைப் பார்த்தேன். அதில் வெறும் வெள்ளை வெளிச்சம் இருந்தது. நூறு ஊரில் ஓட்டிய படம் அது. மண்ணுக்கு என்ன ஆயிற்று, ஏரிக்கு என்ன ஆயிற்று என்று எல்லாம் சொல்கிற படம், அந்தப் பெண்ணைச் சரிவிலிருந்து இறக்கிவிட்டதோடு மறந்துவிட்டது.

"அது படத்துல இல்லீங்கம்மா" என்றான்.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் இத்தனை வருஷமாக நினைத்து நினைத்து வியக்கிறேன். தலைவர் கோபித்துக்கொள்ளவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டார். பெண்களை முன்னால் வரச் சொன்னார். அந்த வெளிச்சத்திலேயே பேசினார்கள். ஏரிக்குத் தண்ணீர் வருகிற சரிவை விட்டுவிடுவது, எதிர்ச்சரிவில் மட்டும் பட்டை எடுப்பது, பங்குனியில் ஏரி தூர் வாரும்போது கூலி வேலைக்கு இந்தப் பெண்களைத்தான் முதலில் கூப்பிடுவது என்று ஒவ்வொன்றாக முடிவானது.

"மூணு மழைக்காலத்துக்கு அந்தப் பக்கம் கை வெக்கக்கூடாது" என்றார் தலைவர்.

"மூணு ஜாஸ்தி. ரெண்டு" என்றார் முனியம்மா.

"சரி, ரெண்டு. செடி தழையலன்னா மறுபடியும் பேசுவோம்."

எட்டரைக்கெல்லாம் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். படம் பார்த்த ஊர்கள் நிறைய உண்டு. பார்த்த இடத்திலேயே அதைத் தன் வாழ்க்கையோடு சேர்த்துப் பேசித் தீர்த்த ஊரை நான் அன்றைக்குத்தான் கண்டேன். எனக்கு அந்த ஊர்மேல் அப்படி ஒரு மரியாதை வந்தது.

மறுநாள் மாதனூர் வழியாக ஆம்பூர். ஊருக்குள் நுழையும் முன்பே தோல் வாடை வரவேற்கும். அரை நாளில் பழகிவிடும். பிரியாணியைத் தவறவிடாதீர்கள், தவறவிட்டால் என்னிடம் சொல்லாதீர்கள். சாயங்காலம் தோல் ஷாப்புகளுக்குப் பக்கத்து மைதானத்தில் அதே படம். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் பட்டையை வாங்குகிறவர்கள், தொட்டியில் ஊற வைக்கிறவர்கள். படத்தைத் தொடங்கும் முன் தனபால் மைக்கைப் பிடித்தான். அவனுக்கு அப்படி ஒரு பழக்கமே கிடையாது.

"இந்தப் படத்துல ஒரு அம்மா வருவாங்க. முதுகுதான் தெரியும். அவுங்க அப்புறம் இன்னா ஆனாங்கன்னு படம் சொல்லாது. ஒடுகத்தூர் பக்கத்துல ஒரு அம்மா கேட்டாங்க, எனக்குத் தெரியல. பாத்துட்டு நீங்க சொல்லுங்க."

இனி உங்களுக்கு. தை மாதத்தில் போனால் இரவில் பனி கொட்டும், ஆனால் ஆவாரம் பூத்திருக்கும். மாலையில் மலையடியில் காற்று எழும். திரைத்துணியின் கீழ் விளிம்பையும் இழுத்துக் கட்டுங்கள். திரைக்கு முன்னும் பின்னும் உட்கார இடம் விடுங்கள். உங்கள் படத்தில் யாராவது செடி வெட்டுகிறார்களா, கழிவு கொட்டுகிறார்களா, அதே வேலை செய்கிறவர்களை முன்னால் உட்கார வையுங்கள். படம் முடிந்ததும் அவர்களில் ஒருவர் எழுந்து ஏதாவது கேட்பார். உங்களிடம் பதில் இருக்காது. பரவாயில்லை, ஜெனரேட்டரை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.