நான்கு கிண்ணங்களும் அப்பாவின் மூக்கும்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். இன்று மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு ஜப்பானிய உணவகத்தின் மேனேஜர். ஒரு நாள் மாலை முதலாளி, அரிசியிலிருந்து வடிக்கும் சாக்கே மதுவை நான்கு கிண்ணங்களில் ஊற்றி, எது எந்தப் பருவத்துக்குரியது என்று கேட்டார். குறிப்புகளை மனப்பாடம் செய்திருந்தும் வசந்தத்தையும் இலையுதிர் காலத்தையும் மாற்றிச் சொல்லிவிட்டேன்.

என்னை ஏற்றிப் போக வந்து வாசலில் நின்ற அப்பாவையும் முதலாளி உள்ளே அழைத்தார். பீடோர் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தபோது, கள்ளுக்கடையே கதியென்று கிடந்து அம்மாவை அழவைத்தவர் அவர். நான் பல்கலைக்கழகம் போன அன்றுதான் குடியை விட்டார்.

"வேணாம்ப்பா, போலாம்."

"குடிக்க மாட்டேன்லா. மோந்துதான் பார்க்குறேன்."

ஒவ்வொரு கிண்ணமாக மோந்தார். "இது காலைக் கள்ளு மாதிரி, புதுசு. இன்னும் அடங்கல. இது நாள்பட கிடந்து பதமானது."

நான் தவறவிட்ட அதே இரண்டும்! புதிதாக வடித்தது வசந்தத்துக்கு, கோடை முழுக்கக் கிடந்து பதமானது இலையுதிர் காலத்துக்கு. முதலாளி குனிந்து வணங்கினார். ஒரு சொட்டும் குடிக்காமல் கிண்ணத்தை வைத்த அப்பா, மோட்டார் சைக்கிளில் ஏறியதும் மெதுவாகச் சொன்னார்: "அம்மாகிட்ட சொல்லிடாதம்மா."

பெருமையோடு அதைத்தான் அம்மாவிடம் சொல்ல நினைத்திருந்தேன். அந்த மூக்கு எப்படிப் பழகியது என்று அம்மாவுக்குத்தானே தெரியும்? இன்றுவரை சொல்லவில்லை. அன்று நான் பெருமைப்பட்டது சரியா என்றும் தெரியவில்லை.