ஸ்டோர் அக்காவின் கூடை

ஆம்பூரில் நான் வேலை பார்த்த ஷூ கம்பெனியில், தோல் ஸ்டோர் ஒரு அக்காவின் பொறுப்பு. பேசும்போதும் கையிலுள்ள தோலைத் தடவிக்கொண்டே இருப்பார்.

வெட்டும்போது தோல் வீணானால் திட்டு விழும். அதற்குப் பயந்து, வீணானதை ஈடுகட்ட, கட்டிங் பிரிவில் நாங்கள் ஆளாளுக்கு உபரித் துண்டுகளை மேசைக்கடியில் ஒளித்து வைத்திருந்தோம். மாதக் கடைசியில் எண்ணினால் ஸ்டாக் எப்போதும் கணக்கைவிடக் கம்மியாகவே வரும்.

ஒருநாள் அக்கா காலிக் கூடையோடு வந்தார். "நானும் ஒளிச்சிதான் வெச்சிருந்தேன்ப்பா," என்று முதல் துண்டை அவரே போட்டார். பிறகு நாங்களும் போட்டோம். "இனிமே வீணானா எங்கிட்ட சொல்லுங்க. திட்டு வந்தா சேர்ந்தே வாங்கிக்கலாம்."

அந்த மாதம் ஸ்டாக் கணக்கோடு ஒத்துப்போனது.

"ஸ்டோரே உங்க கையில இருக்கு, நீங்க எதுக்குக்கா ஒளிச்சீங்க?" என்றேன்.

தோலைத் தடவியபடி, "நீ எத்தினி போட்டேன்னு நான் கேட்டேனா?" என்றார்.