அடியில் ஒட்டிய காகிதம்

என் பெரியப்பா ஒரு பெரிய ஹோட்டலின் வரவேற்பு மேஜையில் பத்தொன்பது வருடமாக நிற்கிறார். அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அறைச் சாவி அல்ல. ஆவியில் அவிக்கும் சீனப் பலகாரமான டிம்சம் எங்கே நன்றாக இருக்கும், சோற்றின் மேல் மீன் வைத்த ஜப்பானிய சுஷி எங்கே நன்றாக இருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

"டிம்சம்னா பாலத்துக்குக் கீழ இருக்கிற கடை. பதினோரு மணிக்கு முன்னாடி போயிடுங்க. சுஷிக்கு தபாலாபீஸ் பின்பக்கச் சந்து. சோயா சாஸ மீன் பக்கம் தொடணும். சோத்துப் பக்கம் தொட்டா உதிர்ந்துடும்."

அந்தச் சமையலறையிலேயே பிறந்து வளர்ந்தவர் மாதிரி பேசுவார்.

அவர் சொல்லித்தான் எனக்கும் அதே மேஜையில் வேலை கிடைத்தது. ஆறு வருடம் பக்கத்தில் நின்று கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஏனென்றால் உண்மை எனக்கு மட்டும் தெரியும். பெரியப்பா அந்தக் கடைகளின் வாசலைக்கூட மிதித்ததில்லை. பெரியம்மா கட்டிக் கொடுத்த டப்பாவைச் சலவைத் துணி அடுக்கும் அறையில் உட்கார்ந்து காலி செய்வார். வெளியே சாப்பிட்டுவிட்டுத் திரும்பும் விருந்தினர்களிடம் "எப்படி இருந்துச்சுங்க?" என்று விசாரித்து, ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொள்வார். நோட்டு முழுக்க அடுத்தவர் நாக்கு. வீட்டிலோ, அவர் வாரம் தவறாமல் போய் வருகிறவர் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

பெரியப்பாவின் புது மருமகன் வேலை விஷயமாக வந்து வீட்டில் தங்கியிருந்தபோது, "பெரியப்பா, மாப்பிள்ளைய அந்த டிம்சம் கடைக்குக் கூட்டிட்டுப் போங்களேன்" என்று எல்லோர் முன்னாலும் போட்டுவிட்டேன். வெள்ளந்தியாகச் சொன்னேன் என்று பொய் சொல்ல மாட்டேன். அவர் முழிப்பதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பெரியப்பா ஒரு நொடி என்னைப் பார்த்தார்.

"அதுக்கென்ன, போனாப் போச்சு. நீயும் வா."

கடையில் அவர் முழிக்கவே இல்லை. ஜன்னலோர மேஜை கேட்டார். இறாலை முதலில் வரவழைத்தார். சாப்பிடுகிற ஜோடிக் குச்சியை அவர் பிடித்த அழகைப் பார்த்து எனக்கு வயிற்றெரிச்சல். வீட்டில் பென்சிலை வைத்துப் பழகியிருக்க வேண்டும். மருமகன் பூரித்துப்போனார்.

பிறகு மூங்கில் கூடையில் வெள்ளை பன் வந்தது. கூடையில் ஒட்டாமலிருக்க ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு காகிதம் வைத்து அவிப்பார்கள். உரித்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். நண்பர்களோடு ஒருமுறை போனதில் எனக்குத் தெரியும். அவரிடம் எந்த விருந்தினரும் இதைச் சொன்னதில்லை. தெரிந்த விஷயத்தை யார் சொல்வார்கள்? நான் என் காகிதத்தை உரித்துத் தட்டோரம் வைத்தேன். பெரியப்பா காகிதத்தோடு கடித்தார்.

நான் சிரித்துவிட்டேன்.

அவர் மெல்ல முடியாமல் மென்றபடி, "இங்க இப்படித்தான் மாப்பிள்ளை, முழுசாச் சாப்பிடணும்" என்றார்.

"சரிங்க மாமா" என்று மருமகனும் அப்படியே வாயில் போட்டார். இரண்டு மெல்லு மென்றதும் அவர் பார்வை என் தட்டுக்கு வந்தது. அங்கே என் காகிதம் சுருண்டு கிடந்தது. சட்டென்று கையால் மூடினேன். பிரயோஜனமில்லை, பெரியப்பாவும் பார்த்துவிட்டார். மருமகன் அப்படியே விழுங்கித் தண்ணீர் குடித்தார். நேற்று கல்யாணமாகி வந்தவர் அந்த மனுஷனுக்காகக் காகிதத்தைத் தின்றார். பெரியப்பா கை பிடித்து வேலையில் சேர்ந்த நான் சிரித்தேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

பெரியப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மறுநாள் காலை ஒரு தம்பதி மேஜைக்கு வந்து, நல்ல சுஷி எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். பெரியப்பா சாவிப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார், திரும்பவில்லை.

"எனக்குத் தெரியாதுங்க, நான் சாப்பிட்டதில்ல. அவரக் கேளுங்க, அவருக்குத்தான் எல்லாம் தெரியும்."

அவர்கள் என் பக்கம் திரும்பினார்கள்.

"தபாலாபீஸ் பின்பக்கச் சந்துங்க" என்றேன். "சோயா சாஸ மீன் பக்கம் தொடணும்."

நான் சுஷியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.